மலைப் பயணத்துக்குக் காற்று பம்ப்: 120 பிஎஸ்ஐயா, 150 பிஎஸ்ஐயா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு ஹிமாலயன் 411, ஒரு பல்சர் என்எஸ்200 என இரண்டு மோட்டார் சைக்கிள்களில், டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்கும் அங்கிருந்து மடிக்கேரிக்கும் ஆறு நாள் போய்வரப் போகிறீர்கள். 3000 ரூபாய்க்குள் கையடக்கமான டயர் இன்ஃப்ளேட்டர் ஒன்று வேண்டும். கடையில் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று ஒன்றும் 150 பிஎஸ்ஐ என்று ஒன்றும் காட்டியிருக்கிறார்கள். எதை எடுக்கலாம் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், "ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பஞ்சர் ஆனால் அடுத்த ஊர் வரை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் சொல்லப்போவது அந்த வரிக்குத்தான். ஏனென்றால் அந்த வரிக்கான பதிலில் பம்ப் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

பதினேழு ஆண்டுகள் டயர்ப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், விடுமுறை கிடைத்தால் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எந்த நிறுவனத்தின் பம்பையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கப் போவதில்லை. இந்தச் சிறிய பம்புகளில் பல, உள்ளே ஒரே மோட்டாரும் ஒரே பிஸ்டனும் இருக்க, வெளியே வேறு வேறு பெயர் ஒட்டி விற்கப்படுபவை. நான் சோதித்துப் பார்த்தவை ஆறேழு மட்டுமே. அவற்றில் இன்று எதெல்லாம் கடையில் கிடைக்கிறது, எதெல்லாம் அதே பெயரில் உள்ளே மாறாமல் இருக்கிறது என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் சக்கரங்களைப் பாருங்கள். ஹிமாலயன் 411-இல் முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அங்குலமும் கொண்ட ஸ்போக்ஸ் சக்கரங்கள். உள்ளே டியூப் இருக்கிறது. என்எஸ்200-இல் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். ஒரே ஆணி இந்த இரண்டு வண்டிகளிலும் ஏறினால் நடப்பது ஒன்றல்ல. டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியபடியே இருக்கும், அதைச் சுற்றி ரப்பர் இறுகிப் பிடித்திருக்கும், காற்று மணிக்கணக்கில் மெல்லக் கசியும். பெரும்பாலும் காலையில் வண்டியை எடுக்கும்போதுதான் தெரியவே தெரியும். அப்போது காற்றை நிரப்பிக்கொண்டு, ஆணியைப் பிடுங்காமல், மெதுவாக முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்ப் பஞ்சர் கடையைப் பிடித்துவிடலாம். கையடக்கப் பம்ப் தன் விலைக்குப் பலன் தருவது இந்த இடத்தில்தான். டியூப் இருக்கும் டயரில் ஆணி ஏறினால், டியூபில் விழுந்த ஓட்டை வழியாக வந்த காற்று டயருக்கும் டியூபுக்கும் இடையில் புகுந்து, ஸ்போக்ஸ் துளைகள் வழியாகவும் வால்வின் அடி வழியாகவும் நிமிடக்கணக்கில் வெளியேறிவிடும். அதற்கு நீங்கள் 150 பிஎஸ்ஐ பம்பை வைத்து அடித்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். நிரப்பிவிட்டு ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் டயர் மறுபடியும் உட்கார்ந்துவிடும்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதல் பொருள் ஹிமாலயனுக்கு மாற்று டியூப் (முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று), டயரைக் கழற்ற மூன்று லிவர், இரண்டு அச்சு நட்டுகளுக்கும் சரியாகப் பொருந்தும் ஸ்பானர். இரண்டாவது, என்எஸ்200-க்கு டியூப்லெஸ் பஞ்சர் கிட். மூன்றாவதுதான் பம்ப். ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் பின் சக்கரத்தைக் கழற்றுவது அவ்வளவு கடினமில்லை. ஆனால் இதுவரை ஒருமுறையாவது நீங்களே டியூப் மாற்றிப் பார்த்ததில்லை என்றால், அந்த லிவர்கள் வெறும் பாரம்தான். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த பஞ்சர் கடைக்குப் போய், கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க, உங்கள் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு வாருங்கள். புது டியூபை லிவரால் கிள்ளி ஓட்டை போடுவது முதல்முறை மாட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு; அதைக் கடையில் செய்துவிடுவது நல்லது.

இனி பம்புக்கு வருகிறேன். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 120, 150 என்ற எண்கள் உங்களுக்குப் பயன்படாதவை. அந்த பம்ப் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தம் வரை தள்ளும் என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. மோட்டார் சைக்கிள் டயர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 25 முதல் 40 பிஎஸ்ஐ வரைதான். 100-க்கு மேல் கேட்பது பந்தய சைக்கிள்களின் மெல்லிய டயர்கள். உங்களுக்குத் தேவையான எண், 30 பிஎஸ்ஐ அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது அந்த பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைத் தருகிறது என்பது. அதைப் பெரும்பாலானவர்கள் அச்சிடுவதே இல்லை. அச்சிட்டாலும், எதிர் அழுத்தமே இல்லாமல் வெறும் வெளியில் ஊதும்போது அளந்த எண்ணைத்தான் போடுவார்கள். டயரில் அழுத்தம் ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹிமாலயனின் பின் டயர் 120/90-17. அதன் உள்ளே ஏறத்தாழ 14 லிட்டர் இடம் இருக்கிறது. ஒரு சாதாரண காரின் டயரில் பாதி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் காலியிலிருந்து 32 பிஎஸ்ஐக்கு, அதாவது 2.2 பாருக்குக் (ஒரு பார் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) கொண்டுவர, வெளிக்காற்றில் சுமார் 31 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். சிறிய பம்ப் ஒன்று உண்மையில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் தருமானால், ஐந்து நிமிடம் ஆகும். 26-இல் இருக்கும் டயரை 32-க்கு ஏற்றுவதென்றால் ஆறு லிட்டர் போதும், ஒரு நிமிட வேலை. ஆகவே விளம்பரத்தில் "ஒரே நிமிடத்தில்" என்று வந்தால், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த அளவு டயரில் என்று கேளுங்கள். காலியிலிருந்து நிரப்ப ஐந்து நிமிடம் ஆனால் அது மோசமான பம்ப் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் நிற்காமல் ஓடுமா என்பது முக்கியம். இந்தச் சிறிய மோட்டார்கள் சீக்கிரம் சூடேறும்; பல பம்புகளின் கையேட்டில் ஐந்து அல்லது பத்து நிமிடம் ஓட்டியபின் ஆறவிடுங்கள் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தை வாங்குவதற்கு முன் படியுங்கள்.

பேட்டரி விஷயத்திலும் இதே போன்ற ஒரு மயக்கம் இருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவை 4000 எம்ஏஎச், 6000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) என்று போடுவதை வைத்து இரண்டு பம்புகளை ஒப்பிட முடியாது, ஏனென்றால் அந்த எண் எத்தனை வோல்ட்டில் என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. 7.4 வோல்ட்டில் 2000 எம்ஏஎச் என்பதும் 3.7 வோல்ட்டில் 4000 எம்ஏஎச் என்பதும் ஒரே அளவு மின்சாரம்தான், இரண்டும் 14.8 வாட் அவர் (வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கி வருவது, பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல்). பம்பின் அடியிலோ பேட்டரியின் மேலோ வாட் அவர் என்ற எண் இருந்தால் அதை மட்டும் பாருங்கள். எழுபது எண்பது வாட் இழுக்கும் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் ஆறேழு வாட் அவர் போய்விடும். ஆகவே 15 வாட் அவர் பேட்டரி உள்ள பம்ப், காலியான பின் டயரை இரண்டு முறை நிரப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு வண்டிகளுக்கு ஒரே பம்ப் என்றால் 20 வாட் அவருக்குக் குறையாமல் எடுங்கள் என்பது என் கருத்து. வண்டியில் யுஎஸ்பி சாக்கெட் இருந்தால் அதில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பல பம்புகள் சார்ஜ் ஏறும்போது ஓடாது, முழுதாக ஏற இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். காட்டு ரோட்டில் நிற்கும்போது அந்த வசதி ஒன்றும் செய்யாது.

பேட்டரி இல்லாமல், வண்டியின் 12 வோல்ட்டில் ஓயர் போட்டு ஓட்டும் பம்புகளை விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். எப்போதும் தயாராக இருக்கும், உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாததால் வெயிலில் பெட்டிக்குள் கிடந்தாலும் கவலையில்லை, விலையும் குறைவு. ஆனால் காருக்கென்று செய்த பம்பை அப்படியே வாங்கிவிடாதீர்கள். அவை பத்து ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். மோட்டார் சைக்கிளின் யுஎஸ்பி சாக்கெட் தருவது பத்து அல்லது பதினைந்து வாட். அதில் எந்த பம்பையும் நேரடியாக ஓட்ட முடியாது. ஹேண்டில்பாரில் மெல்லிய ஓயர் இழுத்து மாட்டியிருக்கும் லைட்டர் சாக்கெட்டில் செருகினால், ஃபியூஸ் போகும். ஃபியூஸே போடாமல் மாட்டியிருந்தால் ஓயர் உருகும். பேட்டரி முனையிலிருந்து நேராக, 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தடித்த ஓயர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டால்தான் இந்த வகை சரிப்படும். பம்ப் ஓடும்போது என்ஜினையும் ஓடவிடுங்கள். பத்து ஆம்பியர் ஐந்து நிமிடம் என்றால் 0.8 ஆம்பியர் அவருக்கு மேல். ஹிமாலயன் போன்ற வண்டியின் பேட்டரிக்கு அது பெரிதில்லை, 3 ஆம்பியர் அவர் பேட்டரி வைத்திருக்கும் நூறு சிசி வண்டிக்கு அது கால் பங்குக்கும் மேல். செல்ஃப் எடுக்காமல் போய்விட்டால் காற்று நிரப்பிய டயரோடு தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வாங்கும்போது யாரும் கவனிக்காமல் பின்னால் வருந்தும் இடம் ஒன்று உண்டு. அது பம்பின் வாய். உங்கள் இரண்டு வண்டிகளிலும் இருப்பது கார்களில் இருக்கும் அதே வகை வால்வுதான், ஆகவே எந்த பம்பின் வாயும் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். பொருந்தும், ஆனால் எட்டாது. ஒரு பக்கம் டிஸ்க், இன்னொரு பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட், நடுவில் ஸ்போக்ஸ். இவற்றுக்கு இடையில் நேராக நிற்கும் வால்வின் மேல் விரல் நீளக் கட்டைக் குழாயைக் கொண்டுபோய்த் திருகுவதற்கு இடம் இருக்காது. ஸ்கூட்டர்களின் சின்னச் சக்கரத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆகவே குழாய் குறைந்தது ஒரு சாண் நீளம், வளைகிற தன்மையோடு இருக்க வேண்டும். 90 டிகிரி வளைந்த பித்தளை நிப்பிள் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாயே இல்லாமல், பம்பையே நேராக வால்வில் மாட்டித் தொங்கவிடும் மாதிரிகள் வருகின்றன. அரைக்கிலோ எடை அதிர்ந்துகொண்டே ரப்பர் வால்வில் தொங்கினால் வால்வின் அடி விரிசல் விடும், அவற்றை வேண்டாம் என்று சொல்வேன். திருகும் வாயா, நெம்புகோலால் பூட்டும் வாயா என்று கேட்டால், நெம்புகோல்தான் என் விருப்பம். திருகும் வாயைக் கழற்றும் அந்த இரண்டு மூன்று சுற்றுகளில் காற்று சீறிக்கொண்டு போகும், ஐந்து நிமிடம் ஓடிய பித்தளை வாய் விரலைச் சுடும். ஆனால் மலிவான நெம்புகோல் வாய்கள் சீக்கிரம் தளர்ந்து நழுவுவதையும் பார்த்திருக்கிறேன். திருகும் வகையாக இருந்தால் கையில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பின் திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரை பிஎஸ்ஐ வரை துல்லியமாகக் காட்டுகிறது என்பதற்கும், காட்டும் எண் சரி என்பதற்கும் சம்பந்தமில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அது அளப்பது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை. வால்வின் குறுகிய வழியில் காற்று நெருக்கித் தள்ளப்படுவதால் அது டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். அதனால்தான் 32 வைத்தால் 32-இல் நின்றுவிட்டு, இரண்டு நொடியில் 31 என்றோ 30 என்றோ இறங்குகிறது. சில பம்புகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடியும் கொஞ்சம் ஓடிச் சரிசெய்யும், சில செய்யாது. இதற்கு வழி எளியது. பேனா போலவோ வட்டமாகவோ இருக்கும் தனி அழுத்தமானி ஒன்றை வைத்துக்கொண்டு, பம்ப் சொல்வதும் அது சொல்வதும் எவ்வளவு வேறுபடுகிறது என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்து, அந்த வித்தியாசத்தை பம்பின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு முறையும் மாறினால் அந்த பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அலகையும் பாருங்கள், பார் என்ற அலகில் இருப்பதைக் கவனிக்காமல் 2.2 என்ற எண்ணைப் பார்த்து, டயரில் காற்றே இல்லை என்று பயந்து அடித்துக்கொண்டே போனவர் ஒருவர் பட்டறைக்கு வந்திருக்கிறார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பதற்கு விடை உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் தனியாகப் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் மேல் வரம்பு, நீங்கள் வைக்க வேண்டிய அளவு அல்ல. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடித் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும்.

மலை ஏறினால் காற்றழுத்தம் மாறுமா என்ற உங்கள் துணைக்கேள்வி எனக்குப் பிடித்த ஒன்று. மாறும், ஆனால் உங்கள் வழியில் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் மூன்று பிஎஸ்ஐ குறைவு. அழுத்தமானி காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் மேலே போனதும் மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், குளிரில் காற்று சுருங்குவதால் ஏறத்தாழ அதே மூன்று பிஎஸ்ஐ குறைந்துவிடும். கூட்டிக் கழித்தால் கீழே வைத்த 32 மேலேயும் 32-க்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே ஊட்டிக்குப் போனதும் காற்றை இறக்க வேண்டும் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பரில் ஊட்டியின் விடியற்காலை உறைநிலையைத் தொடும். அந்த நேரத்தில் இரண்டு பிஎஸ்ஐ குறைவாகத் தெரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம், வெயில் ஏறியதும் மறுபடியும் பாருங்கள். லித்தியம் பேட்டரியும் அந்தக் குளிரில் சோம்பும், சுழியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. இரவில் பம்பை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

லடாக் போகிறவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு வார்த்தை. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்களில் வெளிக்காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பாதி. பம்ப் ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கும் காற்றும் பாதி என்பதால், ஐந்து நிமிட வேலை பத்து நிமிட வேலையாகும். மோட்டாரின் சூடும் பேட்டரியின் செலவும் அதற்கேற்றபடி கூடும். நீலகிரியில் இது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

மின்சாரமே வேண்டாம் என்கிறவர்களுக்குக் கால் பம்ப் இன்றும் நம்பகமானது. ஒரு மிதிக்குக் கால் லிட்டர் சொச்சம் தள்ளும் கால் பம்பில், காலியான பின் டயரை நிரப்ப நூற்றைம்பது மிதி வரை ஆகும். வியர்க்கும், ஆனால் கட்டாயம் நிரம்பும். எடையும் இடமும்தான் குறை. இன்னொரு பக்கம், பம்புக்குப் பதிலாக டயரை நிரப்பும் சின்னக் கரியமில வாயுக் குப்பிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சைக்கிளுக்கு அவை அருமையானவை. 16 கிராம் குப்பி ஒன்றில் இருக்கும் வாயு சாதாரண அழுத்தத்தில் ஒன்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 14 லிட்டர் டயரில் அது ஒன்பது பிஎஸ்ஐ கொடுக்கும். மூன்று, நான்கு குப்பிகள் தீர்த்தால்தான் ஓட்டும் அளவுக்கு வரும், பஞ்சர் ஒட்டியது சரியில்லை என்றால் அத்தனையும் வீண். அந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிந்துவிடும் என்பதும் உண்மை. தீர்ந்துபோனால் கூடலூரில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத இரண்டு செய்திகள். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களில் சிலர், முன்சக்கரத்தின் 21 அங்குல டியூபை மட்டும் எடுத்துப்போனால் போதும், அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் போட்டு ஓட்டலாம் என்பார்கள். மெதுவாக, அடுத்த ஊர் வரை ஓட்டியவர்களைத் தெரியும். நீளம் அதிகமான டியூப் உள்ளே மடிந்து உரசும் என்பதால், பாரம் ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் அப்படி ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டு டியூபும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் அளவுதான். அடுத்தது, டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம். முள், சின்ன ஆணி இவற்றுக்குப் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன், டியூப் கிழிந்துபோன வண்டிகளில் சக்கரம் முழுக்கக் கொழகொழவென்று வழிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஊற்றியிருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காற்று நிரப்பும்போது வால்வு சக்கரத்தின் மேல் பாதியில் இருக்கட்டும். கீழே இருந்தால் திரவம் வால்வுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும், பம்பின் குழாய்க்குள்ளும் ஏறிவிடும்.

என்எஸ்200-இல் திரி (பஞ்சர் கிட்டில் இருக்கும், ஓட்டையை அடைக்கும் ரப்பர் பட்டை) செருகுவது பற்றி உங்கள் நண்பர் அறிந்திருப்பார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டை தரையில் படும் பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டும் திரி செருகுங்கள்; பக்கவாட்டில் கிழிந்திருந்தால் திரியும் வேண்டாம், பம்பும் வேண்டாம், வண்டியை ஏற்றிச்செல்ல ஆள் தேடுங்கள். திரி செருகிய டயரை அடுத்த ஊரில் உள்பக்கமாக ஒட்டச் சொல்லும் வரை வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். பெரிய பள்ளத்தில் விழுந்து டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிட்டால், கையடக்கப் பம்பால் அதைத் திரும்ப உட்காரவைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை ஒரே மூச்சில் பாயும் காற்று. பட்டறைக் கம்ப்ரசர்தான் அதைத் தரும்.

உங்கள் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து குன்னூர், ஊட்டி வரை பஞ்சர் கடைகளுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் குறைவில்லை. பம்புக்கு வேலை வரக்கூடிய பகுதி முதுமலைக் காட்டில் இருக்கும் தெப்பக்காடு தாண்டி பந்திப்பூர் வழியாகப் போகும் காட்டு ரோடு. அங்கே வண்டியை நிறுத்தி இறங்குவதே கூடாது, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தும் கிடையாது. யானை நடமாடும் இடத்தில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே கூடலூரிலேயே இரண்டு வண்டிகளின் நான்கு டயர்களையும் பாருங்கள். ஒன்றில் மூன்று பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் காரணம் தெரியாமல் காட்டுக்குள் போகாதீர்கள். காட்டுக்குள்ளேயே பஞ்சர் ஆகிவிட்டால், டியூப்லெஸ் வண்டியில் இரண்டு நிமிடம் காற்றடித்துக்கொண்டு அடுத்த சோதனைச்சாவடி வரை போய்விடலாம். ஹிமாலயனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. பின்னால் வரும் வண்டியையோ வனத்துறை வாகனத்தையோ கைகாட்டி உதவி கேட்பதுதான் சரி.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பேட்டரி பம்ப் வாங்குகிறவர்களுக்கு உதவும். திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் பக்கம் போனபோது பின் டயரில் காற்று குறைந்தது. பெட்டியிலிருந்து பம்பை எடுத்து அழுத்தினால் திரையே வரவில்லை. எட்டு மாதம் முன்பு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அப்படியே பெட்டியில் போட்டு, கோடை முழுவதும் வெயிலில் வைத்திருந்தேன். பம்ப் செய்தவர்களைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்த வழியாக வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் எடுத்து அரை நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த பம்பைப் பார்த்து, "இது எதுக்கு சார், டார்ச் லைட்டா?" என்று கேட்டார். அதிலிருந்து, மாதம் ஒருமுறை எடுத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும், பயணம் இல்லாத நாட்களில் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைப்பதும், கிளம்பும் முந்தைய இரவில் முழுதாக ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

ஆக, உங்கள் கடைக்காரர் காட்டிய இரண்டில் எது என்றால், வாட் அவர் அதிகமாக இருப்பதை, வளையும் குழாய் நீளமாக இருப்பதை, தொடர்ந்து ஓடக்கூடிய நேரம் அதிகமாகப் போட்டிருப்பதை எடுங்கள். அது 120 பிஎஸ்ஐ பம்பாக இருந்தால் 120-ஐயே எடுங்கள். மூவாயிரம் முழுவதையும் பம்புக்கே செலவழிக்காமல், கொஞ்சம் மலிவான பம்பை வாங்கி மீதியில் டியூபும் லிவரும் அழுத்தமானியும் வாங்குவது உங்கள் வண்டிக்குப் பொருத்தம். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், வீட்டு வாசலில் என்எஸ்200-இன் பின் டயரில் காற்றை முழுதாக இறக்கிவிட்டு, இதே பம்பால் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். எத்தனை நிமிடம் ஆனது, நடுவில் நின்றதா, எவ்வளவு சூடேறியது, பேட்டரியில் எத்தனை கோடு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே ஹிமாலயனின் முன் சக்கரத்திலும் வாய் எட்டுகிறதா என்று மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த எண்களோடு இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.